நியேவுக்குத் தெரிந்த முப்பது

ம்வெம்பேனி
9 ஜூன் 1996

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

ஜும்வா எழுதுறேன். இங்க எல்லாரும் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கோம். கெரிச்சோ குளிர்ல உங்களுக்கு நெஞ்சுச் சளி கட்டாம இருக்கணும்.

பயப்படாம படிங்க. நியேவு உயிரோட இருக்கா. நேத்து வீட்டுக்கும் வந்துட்டா. இதை முதல்ல எழுது, மத்ததை அப்புறம் எழுதுன்னு உமாஸி அண்ணி பக்கத்துல உக்காந்து சொல்றாங்க.

போன மாசக் கடைசியில அவளுக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, நினைவு தப்பிடுச்சு. மலேரியா மூளைக்கு ஏறிடுச்சு. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலதான் சேர்த்திருந்தாங்க. நினைவு தப்பி வர்ற பிள்ளைங்களைப் பார்த்து ஆராய்ச்சிக்காக நோட்டுல குறிக்கிறதுதானே என் வேலை. மூணு வருஷமா எத்தனையோ பிள்ளைங்களைக் குறிச்சிருக்கேன். அந்த வாரம் கிராமத்துக் கணக்கெடுப்புல இருந்துட்டு அன்னிக்குக் காலையிலதான் திரும்பி வந்தேன். பதினாலாம் கட்டில்ல யாருன்னு குனிஞ்சு பார்த்தா நம்ம பிள்ளை. வேற ஆள் வந்துதான் அவ பேரை எழுதினாங்க.

நாலு நாள் கண்ணைத் திறக்கல. அஞ்சாம் நாள் திறந்து தண்ணி குடிச்சா. இப்போ களி கரைச்சுக் குடுத்தா குடிக்கிறா, கையைப் பிடிச்சா நடக்கிறா. பேச்சு மட்டும் இன்னும் சரியா வரல. ஆறரை வயசுல அவ பேசின பேச்சு உங்களுக்குத் தெரியாததா? கள்ளு இறக்க வர்றவரோடயே சண்டைக்கு நிப்பாளே. டாக்டர் நெகேசாம்மா பொறுத்துப் பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க. மூளையில அடிபட்ட பிள்ளைங்களுக்குப் பேச்சும் கவனமும் என்ன ஆகுதுன்னு ஆராயறவங்க அவங்கதான்.

நீங்க கிளம்பி வர வேண்டாம். லீவு வீணாப் போகும். டிசம்பர்ல வந்தா போதும்.

உடம்பைப் பார்த்துக்கோங்க. பெரியண்ணன் தோயா உங்களை விசாரிச்சார்.

தங்கை ஜும்வா

கெரிச்சோ
30 ஜூன் 1996

தங்கச்சிக்கு,

நான் இருக்கேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நடக்குது. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கிறேன்.

உன் கடுதாசி வந்து எட்டு நாளாச்சு. கோபம் அடங்கட்டும்னு வச்சிருந்தேன். அடங்கல. ஆஸ்பத்திரி இருக்கு, அதுல என் கூடப் பிறந்தவளே வேலை பார்க்கிறா, அப்படியும் என் மக நாலு நாள் பொணமாட்டம் கிடக்கிற வரைக்கும் ஏன் விட்டாங்க? முதல் வலிப்பு எப்போ வந்தது, ஆஸ்பத்திரிக்கு எப்போ தூக்கிட்டு வந்தாங்க? உங்க படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இருக்கும்னு நீயே முன்னாடி சொல்லியிருக்கே. நியேவு தாள்ல அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியணும்.

உமாஸியோட மெத்தனம் எனக்குத் தெரியும். கிளம்புறப்ப ஒண்ணுக்கு மூணு தடவை சொல்லிட்டுத்தான் வந்தேன், எதுவா இருந்தாலும் பெரியண்ணன் சொல்படி நடன்னு. வீட்டுல ஒரு பெரிய மனுஷன் இருக்கிறப்பவே இப்படின்னா என்ன சொல்ல.

இங்க ஃபேக்டரியில தேயிலை வாட்டுற பகுதியில இருந்து என்னைக் கொதிகலனுக்கு மாத்திட்டாங்க. லீவு கேட்டேன், டிசம்பருக்கு முன்னாடி கிடையாதாம். நியேவு என்னைப் பத்திக் கேட்டாளான்னு எழுது.

உன் அண்ணன் கரிஸா

ம்வெம்பேனி
21 ஜூலை 1996

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

நாங்க நடமாடிக்கிட்டு இருக்கோம். கொதிகலன் பக்கம் சூடு அதிகம், தண்ணி நிறையக் குடிங்க. மரவள்ளி நல்லா வந்திருக்கு.

நியேவுக்கு முதல் பரீட்சை முடிஞ்சது. படம் முப்பது, பக்கத்துக்கு ஒண்ணா புத்தகமா தைச்சிருக்கும். தாளைப் புரட்டி 'இது என்ன'ன்னு கேக்கணும். பிள்ளை என்ன சொன்னாலும் சரின்னும் சொல்லக் கூடாது, தப்புன்னும் சொல்லக் கூடாது, மூஞ்சியை மரக்கட்டையாட்டம் வச்சுக்கணும். அப்புறம் இன்னொரு தாள்ல மீனும் நண்டும் கலந்து வரிசையா இருக்கும், மீனை மட்டும் பார்த்துப் பார்த்து அடிக்கணும். அது கவனத்துக்கு. சீக்குல விழுந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜோடியா, அதே வயசுல, அக்கம்பக்கத்துல இருந்து ஒரு நல்ல பிள்ளையையும் பரீட்சை பண்ணுவாங்க. நியேவுக்கு ஜோடி பெண்டோ, கள்ளு இறக்குறவர் மக. அவ மூணாவது படத்துலயே, என்கூட வேலை பார்க்கிற ரெஹேமாவைப் பார்த்து, 'இவ்ளோ பெரிய பொம்பளை, கோழி எது மரம் எதுன்னு எங்கிட்ட கேக்குறியே, உங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலியா'ன்னு கேட்டுட்டா. ஊரே அதைச் சொல்லிச் சிரிக்குது.

சொந்தக்காரப் பிள்ளையை நாங்க பரீட்சை பண்ணக் கூடாதுன்னு சட்டம். அதனால நியேவுவையும் ரெஹேமாதான் கூட்டிட்டுப் போனா. நான் வெளியே மரத்தடியில நின்னேன். உள்ள இருந்து ரெஹேமா குரல் மட்டும் முப்பது தடவை கேட்டுச்சு.

மார்க்கை வெளியே சொல்லக் கூடாது. அந்தக் கட்டத்தைப் பத்திக் கேட்டிருந்தீங்க. அதுவும் நம்பர் போட்டுப் பூட்டி வைக்கிற தாள்தான், சொன்னா என் வேலை போயிடும். அண்ணி மேல கோபப்படாதீங்க. அவங்க சரியா சாப்பிடுறதில்ல.

அடுத்த பரீட்சை நவம்பர்ல. நியேவு உங்களைக் கேட்டாளான்னு எழுதச் சொன்னீங்க. பக்கத்துல உக்காந்து விளையாடிக்கிட்டு இருக்கா.

தங்கை ஜும்வா

கெரிச்சோ
18 ஆகஸ்ட் 1996

தங்கச்சிக்கு,

சுகம். உங்க எல்லார் சுகத்துக்கும் கடவுள் துணை.

நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு எழுதுறே. பெண்டோ என்ன சொன்னான்னு எனக்கு எதுக்கு? பெரியண்ணன் பள்ளிக்கூட வாத்தியாரை வச்சு எனக்குக் கடுதாசி போட்டிருக்கார். பேர் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லையாம். சோறு போட்டா தட்டுல ஒரு பக்கம் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிடுறாளாம். இதை நீ ஏன் எழுதல?

நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நவம்பர் பரீட்சையில நியேவு தேறிட்டா நல்லது. தேறலைன்னா உமாஸி அவ அப்பா வீட்டுக்குப் போகட்டும். பெரியண்ணன் போய் அவங்க அப்பாகிட்ட பேசிக்குவார். பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளை, நம்ம வீட்டுலயே இருக்கும். பெத்த பிள்ளையைக் காபந்து பண்ணத் தெரியாதவளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்கும் வயிறு எரியுது ஜும்வா. அனல் பக்கத்துல நின்னு வேலை பார்க்கிறப்ப அவ குரல்தான் காதுல கேக்குது.

இதை அவளுக்கு ஒரு வரி விடாம படிச்சுக் காட்டு.

உன் அண்ணன் கரிஸா

ம்வெம்பேனி
22 செப்டம்பர் 1996

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

நாங்க நடமாடுறோம். நீங்களும் அப்படியே இருக்கணும்.

கடுதாசியை அண்ணிக்குப் படிச்சுக் காட்டினேன். அமைதியா கேட்டுக்கிட்டாங்க.

பெரியண்ணன் ஒண்ணைப் பத்தாக்கிச் சொல்வார். நெருப்பு வாங்கிட்டு வான்னு பெண்டோ வீட்டுக்கு அனுப்பினா பாதி வழியில எறும்பு பார்த்துக்கிட்டு நிக்கிறா, அவ்வளவுதான். எந்தப் பிள்ளை நிக்கல? இப்போ வார்த்தையும் வர ஆரம்பிச்சிருக்கு. நான் வேலை விட்டு வந்ததும் தினமும் அவளும் நானும் உக்காந்துக்கிறோம். வாளி, கோழி, மரம், கத்தி, செருப்பு, ஆடு. இப்படிப் பத்து வார்த்தை தெளிவா சொல்றா. சொல்லி முடிச்சதும் ஒரு துண்டு வெல்லம் குடுப்பேன். அது கிடைக்கும்னு தெரிஞ்சா வேற பக்கம் திரும்ப மாட்டா.

பரீட்சை முடியிற வரைக்கும் நீங்க எதையும் முடிவு பண்ணிடாதீங்க. பெரியண்ணன்கிட்டயும் பொறுக்கச் சொல்லி ஒரு வரி எழுதிடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.

மழை இல்ல. முந்திரி பூத்திருக்கு.

தங்கை ஜும்வா

ம்வெம்பேனி
1 டிசம்பர் 1996

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். நல்ல சேதி, அதனால வளவளன்னு எழுதாம விஷயத்துக்கு வர்றேன்.

நியேவு முப்பதுக்கு இருபத்தேழு. மார்க்கை வெளியே சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்லிட்டேன், இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க. ரெஹேமா ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தாளாம். டாக்டர் நெகேசாம்மாவே ஆச்சரியப்பட்டுட்டாங்க. மீன் தாள்ல அவ்வளவா செய்யல. பேச்சு இந்த அளவுக்குத் தேறினா கவனமும் பின்னாடியே வரும்னு சொல்றாங்க.

அண்ணி எங்கயும் போக வேண்டியதில்லைன்னு நீங்களே பெரியண்ணனுக்கு எழுதிடுங்க. சொன்ன சொல் மாற மாட்டீங்கன்னு தெரியும்.

இன்னொரு விஷயம். ஜனவரியில இருந்து மொம்பாசாவிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து வாரத்துக்கு நாலு நாள் வகுப்பு எடுக்கப் போறாங்க. பேச்சு, கவனம் எல்லாத்துக்கும் பயிற்சி. பதினெட்டுக்குக் கீழ வாங்கின பிள்ளைங்கள்ல பன்னிரண்டு பேருக்குத்தான் இடமாம். நியேவு இருபத்தேழு வாங்கிட்டதால அவ பேர் அந்தப் பட்டியல்ல வராது. அவளுக்கு அது தேவையும் இல்ல, இல்லையா? நீங்க என்ன நினைக்கிறீங்க?

டிசம்பர்ல நீங்க வர்றப்ப நான் ஊர்ல இருப்பேனான்னு தெரியல. வடக்குக் கிராமங்களுக்குக் கணக்கெடுப்புக்கு அனுப்பப் போறாங்க. போகட்டுமான்னு நானேதான் கேட்டேன்.

தங்கை ஜும்வா

கெரிச்சோ
19 ஜனவரி 1997

ஜும்வாவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

லீவு முழுக்க நீ ஊர்ப்பக்கம் தலை காட்டல. ஏன்னு எனக்கு மூணாம் நாளே புரிஞ்சுபோச்சு.

வந்து இறங்கினப்ப நியேவு முந்திரி மரத்தடியில இருந்தா. ஓடி வரல. வெக்கம்னு நினைச்சேன். மறுநாள் மடியில உக்கார வச்சு, 'நான் யாரு சொல்லு'ன்னு கேட்டேன். என் மூஞ்சியை ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் 'வாளி'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, பழைய குறும்பு போகலைன்னு சந்தோஷப்பட்டேன். சிரிச்சேனா, அவ அடுத்ததைச் சொன்னா. கோழி, மரம், கத்தி, செருப்பு, ஆடு. நிப்பாட்டவே இல்ல. சீப்பு வரைக்கும் போய்ட்டுக் கையை நீட்டினா. உமாஸி உள்ள இருந்து ஒரு துண்டு வெல்லம் கொண்டு வந்து குடுத்தா.

அப்புறம் கோழியைப் பிடிச்சுக் காட்டினேன். வாளின்னா. ஆட்டைக் காட்டினேன். அதுக்கும் வாளின்னு ஆரம்பிச்சு முப்பதையும் சொன்னா. லீவு முடியிற வரைக்கும் தினமும் அவளை உக்கார வச்சுக் கேட்டேன். ஒரு நாளாவது நடுவுல என்னைச் சொல்லுவாளோன்னு. முப்பதையும் ஒவ்வொரு தடவையும் கடைசி வரைக்கும் கேட்டேன் ஜும்வா. நான் அதுல இல்ல. அவ அம்மாவும் இல்ல.

ஒண்ணாம் வகுப்புல சேர்க்கக் கூட்டிட்டுப் போனேன். நீ எழுதின இருபத்தேழை நம்பிப் புதுச் சட்டை எல்லாம் போட்டு. தலைமை ஆசிரியர் பத்து நிமிஷம் பார்த்துட்டு, 'வீட்டுலயே வச்சுக்கோங்கப்பா'ன்னு சொல்லிட்டார். பெண்டோ அந்த வகுப்புலதான் உக்காந்திருந்தா.

உமாஸிகிட்ட கேட்டேன். 'ஜும்வா மாவுப் பாக்கெட் அட்டையில படம் வரைஞ்சு பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றா'ன்னு சொன்னா. அவளுக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. நான் போன ஆகஸ்ட்டுல எழுதினதும் அவளுக்குத் தெரியலைன்னு எனக்குத் தோணுது. அதை அவகிட்ட நான் கேக்கல, எனக்கு வாய் வரல.

நீ என்ன செஞ்சேங்கிறதை நீயே எழுது.

கரிஸா

ம்வெம்பேனி
9 பிப்ரவரி 1997

சின்னண்ணனுக்கு,

எல்லாரும் இருக்கோம். எனக்கு உங்ககிட்ட சுகம் விசாரிக்கிற தகுதி இல்ல, இருந்தாலும் நீங்க சுகமா இருக்கணும்.

எல்லாத்தையும் சொல்லிடுறேன். முதல் பரீட்சையில நியேவு வாங்கினது ரெண்டு. உங்க ஆகஸ்ட் கடுதாசியை அண்ணிக்கு நான் படிக்கல. கையில வச்சுக்கிட்டு, கொதிகலன் சூடு, கெரிச்சோ மழைன்னு என் வாய்க்கு வந்ததைப் படிச்சேன். அவங்க சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. பிள்ளையையும் அம்மாவையும் பிரிச்சுடுவீங்களேன்னு எனக்குத் தூக்கம் போயிடுச்சு. அந்த முப்பது படமும் எனக்கு மனப்பாடம், மூணு வருஷமா புரட்டுற புத்தகமாச்சே. வரைஞ்சு சொல்லிக் குடுத்தேன். ஒண்ணு ரெண்டாவது மண்டையில நிக்கும், அதைப் பிடிச்சு மத்ததும் வரும்னு நினைச்சேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைச்சேன். அவ படத்தைக் கத்துக்கல, வரிசையைக் கத்துக்கிட்டா. புத்தகம் தைச்ச புத்தகம், வரிசை மாறவே மாறாது. அது எனக்கு அக்டோபர்லயே தெரிஞ்சுபோச்சு. அப்படியும் பரீட்சைக்கு அனுப்பினேன்.

உங்க கடுதாசி வந்த மறுநாள் டாக்டர் நெகேசாம்மாகிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். அவங்க கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். நியேவு தாளைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, 'அவ தோத்திருந்தா நான் அவளை எடுத்திருப்பேனே ஜும்வா'ன்னு மட்டும் சொன்னாங்க.

வகுப்பு ஜனவரியிலயே ஆரம்பிச்சாச்சு. பன்னிரண்டு பிள்ளைங்க. பதிமூணாவதா சேர்த்துக்கோங்கன்னு கால்ல விழுந்தேன். ஆராய்ச்சியில நடுவுல ஆள் சேர்க்க முடியாதாம். அதுக்கு மேல, நான் கெடுத்த பரீட்சையை வச்சுக்க முடியாதுன்னு நியேவு நம்பரையே பதிவேட்டுல அடிச்சுட்டாங்க. வகுப்புல இருக்கிற பிள்ளைங்கள்லயும் அவ இல்ல, ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக வகுப்பு இல்லாம வச்சிருக்கிற பிள்ளைங்கள்லயும் அவ இல்ல.

டீச்சரம்மாவைப் பிடிச்சு, என்ன சொல்லித் தர்றீங்களோ அதை எனக்குக் காட்டுங்க, வீட்டுல நான் செய்றேன்னு கெஞ்சினேன். அவங்க நல்லவங்க, காட்டினாங்க. கூடவே, 'இது பலன் தருமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதும்மா, அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்'னு சொன்னாங்க. அவங்க காட்டினதை ஒரு வாரமா செய்யப் பார்க்கிறேன். என்னைப் பார்த்த உடனே நியேவு வாளியில ஆரம்பிச்சு சீப்புல முடிச்சுட்டு வெல்லத்துக்குக் கையை நீட்டுறா. வேற எதுக்கும் என்கிட்ட உக்கார மாட்டேங்குறா. அதையும் நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்.

என்னைப் பரீட்சை வேலையில இருந்து எடுத்துட்டாங்க. இப்போ கொசுவலையை மருந்துல முக்கிற கொட்டகையில இருக்கேன். வேலை போகாததே அவங்க புண்ணியம்.

உங்க ஆகஸ்ட் கடுதாசியை நேத்துத்தான் அண்ணிக்கு முழுசாப் படிச்சேன். அந்தக் கட்டத்தைப் பத்தி நீங்க கேட்டதையும் படிச்சேன். நானே பதில் எழுதுறேன்னு சொல்லியிருக்காங்க.

ஜும்வா

ம்வெம்பேனி
16 பிப்ரவரி 1997

என் வீட்டுக்காரருக்கு,

உமாஸி சொல்ல, ஜும்வா எழுதுறது. ஒரு சொல்லும் மாத்த மாட்டேன்னு விரலை நாக்குல தொட்டு வானத்தைக் காட்டிச் சத்தியம் பண்ணியிருக்கா. நீங்க நல்லா இருக்கணும். பிள்ளைக்கு இருமல் நின்னுடுச்சு.

எத்தனை நாள் கழிச்சுத் தூக்கிட்டுப் போனேன்னு கேட்டிருந்தீங்க. எனக்கு இப்போதான் தெரியும் நீங்க கேட்டது. ரெண்டு ராத்திரி, ஒரு பகல். அந்தக் கட்டத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்காம்.

திங்கக்கிழமை சாயங்காலம் முதல் வலிப்பு வந்தது. உங்க அண்ணன் பெரியவர் மேற்கே ஒரு இழவு வீட்டுக்குப் போயிருந்தார். அவர் இருந்த இடத்துக்கு ஆள் அனுப்பினேன். இழவுல ஆட்டம் முடியாம வர முடியாது, வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் வாசலைத் தாண்ட வேண்டாம்னு சொல்லி விட்டார். வலிப்பு வர்றது பறவை ஆவி பிடிச்சுத்தான், அப்படிப் பிடிச்ச பிள்ளைக்கு ஊசி போட்டா செத்துடும்னு பக்கத்துல எல்லாரும் சொன்னாங்க. அதை விரட்ட யானைச் சாணத்தைப் புகைச்சாங்க. நானும் நம்பினேன், அதை மறைக்கல. செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல நம்பிக்கை போயிடுச்சு. அப்படியும் போகல. ஏன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு முந்தின வருஷம் பல் வலிக்குதுன்னு கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்க டிசம்பர்ல வந்தப்ப பெரியவர் சொன்னார், நீங்க என்னை அடிச்சீங்க. பெரியண்ணன் வார்த்தை இல்லாம வாசலைத் தாண்டினா இந்த வீட்டுல உனக்கு இடம் இல்லன்னு சொன்னீங்க.

நான் உங்க பேச்சைக் கேட்டேன். புதன்கிழமை விடியறப்ப அவ கை விறைச்சுப் போனதும் யார் பேச்சையும் கேக்காம முதுகுல கட்டிக்கிட்டு ரோட்டுக்கு நடந்தேன். திங்கக்கிழமையே நடந்திருக்கணும். அது என் தப்புதான். உங்க மேல போட்டுட்டு நான் தூங்கிட முடியாது.

நான் எங்க அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன். அவளுக்கு யார் பேரும் தெரியாது, ஆனா நான் தண்ணிக்குப் போனா வர்ற வரைக்கும் பாதையில நிக்கிறா.

இவ்வளவுதான்.

உமாஸி

கெரிச்சோ
23 மார்ச் 1997

உமாஸிக்கும் ஜும்வாவுக்கும்,

நான் இருக்கேன். நீங்களும் பிள்ளையும் இருக்கணும்.

பதில் எழுத இத்தனை நாள் ஆச்சு. ஏழெட்டுத் தாள் எழுதிக் கொதிகலன்லயே போட்டுட்டேன்.

உமாஸி, வாசலைத் தாண்டாதேன்னு சொன்னது நான்தான். அடிச்சதும் நான்தான். இத்தனை மாசமா யார் தாமதம் பண்ணினாங்கன்னு ஊரைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நீ எங்கயும் போக வேண்டாம். பெரியண்ணனுக்கும் எழுதிட்டேன். இனிமே வீட்டுல யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் நீயே தூக்கிட்டுப் போ, யாரையும் கேக்காதே. இந்தத் தாளைப் பத்திரமா வச்சுக்கோ. யாராவது தடுத்தா காட்டு. இதை இப்போ எழுதி என்ன புண்ணியம்னு நீ நினைப்பே. நானும் அதேதான் நினைக்கிறேன்.

ஜும்வா, உன்னைத் திட்டணும்னு பேனாவை எடுத்தேன். நான் அந்தக் கடுதாசியை எழுதலைன்னா நீ அட்டையே வரைஞ்சிருக்க மாட்டே. அதுக்கு மேல திட்ட வரல.

ஒண்ணு கேக்கணும். கேக்க வெக்கமா இருக்கு. ஃபேக்டரி கேட் பக்கத்துல படம் எடுக்கிறவன்கிட்ட ஒரு ஃபோட்டோ எடுத்து இதோட வச்சிருக்கேன். அந்த அட்டைகள்ல கடைசியா, சீப்புக்கு அப்புறம், இதை வச்சுத் தைச்சுடு. 'அப்பா'ன்னு சொல்லிக் குடு. அர்த்தம் தெரிய வேண்டாம். கோழியைப் பார்த்து வாளின்னு சொல்ற மாதிரி சும்மா வாயில வந்தாக்கூடப் போதும். முப்பதையும் தாண்டி முப்பத்தொண்ணாவதா ஒரு தடவை அவ வாயால கேட்டுட்டா, நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.

கரிஸா

ம்வெம்பேனி
27 ஏப்ரல் 1997

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

நாங்க எல்லாரும் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கோம். மழை பிடிச்சுக்கிச்சு, விதைப்பு முடிஞ்சது. அண்ணி உங்க தாளைப் பிளாஸ்டிக் பையில சுத்திப் பெட்டியில வச்சிருக்காங்க.

உங்க ஃபோட்டோவை அட்டையில ஒட்டி, சீப்புக்கு அப்புறம் வச்சுத் தைச்சேன். மூணு வாரமா தினமும் உக்கார்றோம். சீப்பு சொன்னதும் கையை நீட்டுறா. வெல்லம் குடுக்காம உங்க படத்தைப் புரட்டினா எந்திரிச்சுப் போயிடுறா. பிடிச்சு உக்கார வச்சா அழுறா. அப்புறம் உங்களை முதல் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்து வாளின்னா. நடுவுல, ஆட்டுக்கு முன்னாடி வச்சேன். உங்களை ஆடுன்னுட்டா, அங்கிருந்து எல்லாமே ஒண்ணு தள்ளிப் போயிடுச்சு. கடைசியில சீப்புப் படம் மிச்சம், சொல்றதுக்கு அவகிட்ட வார்த்தை இல்ல. அதைப் பார்த்துக்கிட்டு வாயைத் திறந்து வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. எனக்குத் தாங்கல அண்ணா.

நேத்து அண்ணி வந்து, 'போதும் ஜும்வா, பிள்ளையை விட்டுடு'ன்னு சொல்லி அட்டையை வாங்கி வச்சுட்டாங்க.

உங்களுக்குப் பொய் எழுதிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. சொல்லிட்டா, தெளிவா சொன்னான்னு. எழுதல.

டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரெண்டு நாள் லீவு கிடைச்சாலும் கிளம்பி வாங்க. அவ பாதையில நிக்கிறப்ப நாங்க பக்கத்துல நிப்போம். வந்திருக்கிறது அப்பான்னு நாங்க சொல்லிக்கிறோம்.

தங்கை ஜும்வா